நோர்முக்கும் டெட்டுக்கும் நடுவில் நான் அடைத்த வேலி

வென்ட்வேர்த்வில், சிட்னி
1979 மே மாதம், ஞாயிற்றுக்கிழமை

அன்பும் பொறுமையும் மிக்க மச்சான் நித்தியானந்தன் அவர்களுக்கு,

உங்கள் தங்கச்சி ரஞ்சினியின் கணவன் மகேந்திரராஜா எழுதிக்கொள்வது. பொறுமை என்று போட்டது வெறும் மரியாதைக்கு அல்ல, இந்தக் கடிதத்தைக் கடைசிவரை படிக்க அது வேண்டும். இங்கே நாங்கள் சுகம். குளிரும் சுகமாக வந்து சேர்ந்துவிட்டது. ரஞ்சினி வெஸ்ட்மீட்டில் புதிதாகத் திறந்த ஆஸ்பத்திரியில் நேர்ஸ் வேலை, நான் அதே பிஸ்கற் பக்டரி. உங்கள் கடிதம் கண்டேன். மேற்கு வளவு இரத்தினசிங்கத்தாரோடு உள்ள வேலி வழக்கு இன்னும் ஒரு தவணை தள்ளிப் போனதென்று எழுதியிருந்தீர்கள், கவலை. உங்கள் பெண்சாதி, தங்கச்சி யோகராணியும் அதே உறைக்குள் நாலு வரி எழுதி, உங்கள் வளவு முருங்கை இந்த வருஷம் காய்த்துக் கொட்டுகிறது என்றிருந்தா, சந்தோசம். கவலையும் சந்தோசமும் ஒரே முத்திரையில் வந்து சேர்ந்தன.

முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். செவ்வாய்க்கிழமைகளில் ஆங்கில வகுப்புக்குப் போகிறேன் என்று எழுதினேன் அல்லவா, நீங்களும் ஊர் முழுக்கச் சொல்லிப் பெருமைப்பட்டதாகக் கேள்வி. மச்சான், நான் வகுப்புக்குப் போகவில்லை. சிவப்புக் கோடு போட்ட மேலங்கியும் கழுத்தில் வண்ணத்துப்பூச்சி மாதிரி ஒரு முடிச்சும் தலையில் வைக்கோல் தொப்பியும் போட்டுக்கொண்டு, இருபது வெள்ளைக்காரக் கிழவர்களோடு நின்று பாடுகிறேன். அந்த உடுப்பை முதல் முறை அயன் பண்ணித் தந்தபோது உங்கள் தங்கச்சி, "அண்ணை என்னைப் பக்டரிக்காரனுக்குக் கட்டிக் குடுத்தார் எண்டெல்லோ நினைச்சனான், சர்க்கஸ்காரனுக்கெல்லோ குடுத்திருக்கிறார்" என்றா.

நான் வகுப்புக்கென்றுதான் வெளிக்கிட்டேன், பிள்ளையார் சாட்சி. தேவாலயத்துக்குப் பின்னால் ஒரு மண்டபம், அதற்கு இரண்டு கதவு. அன்றைக்கு நல்ல மழை. முதலில் கண்ட கதவைத் திறந்துகொண்டு ஓடிப்போனால், உள்ளே கிழவர்கள் அரைவட்டமாக நின்று வாயைத் திறந்தபடி என்னைப் பார்க்கிறார்கள். நடுவில் நின்றவர் கெவின், ஓய்வுபெற்ற ரயில் சாரதி, இந்தக் கூட்டத்தின் தலைவர். புதிதாகச் சேர வந்தவன் என்று நினைத்துக் கையைக் குலுக்கி, வட்டமான ஒரு சின்ன ஊதுகுழலை ஊதி, அந்தச் சத்தத்தைப் பிடி என்று சைகை காட்டினார். நான் பிடித்தேன். எங்கள் கோயிலில் தேவாரம் படிப்பவருக்குப் பின்னால் நின்று ஆவென்று சுருதி பிடிப்பது என் வேலை என்று உங்களுக்குத் தெரியும். எனக்குச் சொல் ஒன்றும் ஞாபகத்தில் நிற்காது, அதனால் ஐயர் கண்டுபிடித்துத் தந்த உத்தியோகம் அது. அதே ஆவை இங்கேயும் பிடித்தேன். கெவின் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். திரும்பவும் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு எனக்குத் தேத்தண்ணீரும், தேங்காய்ப்பூவில் புரட்டிய ஒரு கேக்கும் கொண்டுவரச் சொன்னார். கேக் தருகிற இடத்தை விட்டுவிட்டு இலக்கணம் தருகிற இடத்துக்கு யார் போவான்?

இந்தப் பாட்டுக்குப் பெயர் பார்பர்ஷாப் பாட்டு. முந்தி அமெரிக்காவில் முடி வெட்டக் காத்திருந்தவர்கள் சும்மா இருக்க மாட்டாமல் பாடினார்களாம், அதிலிருந்து வந்ததாம். எங்கள் கூட்டத்தில் வெட்டுவதற்கு முடி உள்ளவர்கள் குறைவு. மேளம் இல்லை, சுருதிப் பெட்டி இல்லை, நாலு வகைக் குரல் மட்டும். ஒரு பகுதி மெட்டைப் பாடும். ஒரு பகுதி அதற்கு மேலே, கூரையில் பூனை நடக்கிற மாதிரிப் பாடும். ஒரு பகுதி அடியிலே அத்திவாரமாக நிற்கும், அதுதான் நாங்கள். மற்றவர்கள் ரோசாப்பூவே, என் கண்ணே என்று உருகும்போது நாங்கள் பூம், பூம் என்று நிற்க வேண்டும். எட்டாம் வகுப்போடு நின்றவனுக்கு இதைவிடப் பொருத்தமான வேலை இந்த நாட்டில் கிடையாது. நாலாவது பகுதி, பந்திக்குப் பிந்தி வந்தவன் மாதிரி, மிச்சம் கிடக்கிற இடத்தில் இடித்துப் பிடித்து உட்காருகிற குரல். இந்த நாலும் சரியாகப் பொருந்தினால், மச்சான், யாருமே பாடாத ஐந்தாவது குரல் ஒன்று மேலே கேட்குமாம். அது வந்தால்தான் பாட்டு என்பார் கெவின். நான் சேர்ந்து எட்டு மாதம், அது வரவேயில்லை. கோயிலில் தேர் வரும் வரும் என்று நின்ற மாதிரி நின்றதுதான் மிச்சம்.

அது வராததற்குக் காரணம் இரண்டு பேர். மேல் குரல் நோர்ம், ஒல்லி, தபால்கந்தோரில் இருந்து இளைப்பாறியவர். மிச்சக் குரல் டெட், ஆள் பெரிய உருப்படி, இறைச்சிக்கடைக்காரர், எனக்கு ஆட்டிறைச்சியை எலும்போடு கறிக்கு அளவாக வெட்டித் தருகிற ஒரே வெள்ளைக்காரர். இரண்டு பேரும் பக்கத்துப் பக்கத்து வீடு. பாட்டிலும் பக்கத்துப் பக்கத்து இடம். ஆனால் மூன்று வருஷமாகப் பேச்சு இல்லை. பாட்டு உண்டு, பேச்சு இல்லை. அவர்கள் கதைப்பதை எங்கள் தமிழிலேயே எழுதுகிறேன், ஆங்கிலத்தில் எழுதத் தெரிந்தால் அந்த வகுப்பு எதற்கு?

"கெவின், எனக்குப் பக்கத்தில நிக்கிற மனுசனிட்டச் சொல்லும், குரல் கீழ இறங்குது எண்டு" என்பார் நோர்ம், கண்ணை நேரே வைத்துக்கொண்டு.

"கெவின், அந்த மனுசனுக்கு அளக்கிறதில எப்பவும் பிழை எண்டு சொல்லும்" என்பார் டெட், அவரும் நேரே பார்த்தபடி.

கெவின் இரண்டையும் சொல்ல மாட்டார், ஊதுகுழலை ஊதுவார்.

என்ன சங்கதி என்று டெட்டின் பெண்சாதி டோரிஸிடம் கேட்டேன், எங்களுக்குத் தேத்தண்ணீர் ஊற்றுகிறவ அவதான். வேலியாம், மச்சான், வேலி! புயலுக்கு விழுந்த பலகை வேலியை டெட் திருப்பி நிறுத்தினாராம், அது தன் நிலத்துக்குள் ஒரு சாண் வந்துவிட்டது என்று நோர்ம் சொன்னாராம். அவ்வளவுதான். பெண்சாதிமார் இருவருக்கும் சண்டை இல்லை. வேலியில் ஒரு பலகையைக் கழற்றி வைத்திருக்கிறார்கள், அதற்குள்ளால் கேக் போகும், தட்டு வெறுமையாகத் திரும்பாது. இதைக் கேட்ட பிறகுதான் இந்த நாட்டில் எனக்குக் கால் ஊன்றியது. வெள்ளைக்காரர் வேறு பிறவி என்று நினைத்திருந்தேன். ஒரு சாண் நிலத்துக்காக மூன்று வருஷம் முகம் பாராமல் இருக்கிறார்கள் என்றதும், அட, இது எங்கள் சனமல்லவா என்று நெஞ்சு குளிர்ந்துவிட்டது.

ஆனால் போன மாதம் டெட் அந்த வேலியோரம் ஒரு எலுமிச்சைக் கன்று நட்டார். நோர்ம், மரம் தன்னுடைய நிலத்தில் நிற்கிறது என்றார். டெட், அப்படியென்றால் தண்ணீரையும் அவரே ஊற்றட்டும் என்றார். எல்லாம் கெவின் வழியாகத்தான். நோர்ம் தொப்பியைக் கழற்றிக் கதிரையில் வைத்துவிட்டு, "இந்த மனுசனோட ஒரு மேடையில நான் ஏறமாட்டன்" என்று சொல்லிப் போய்விட்டார். பரமட்டாவில் போட்டிக்கு இரண்டே கிழமை, பதினாலு நாள். அந்த மேல் குரலுக்கு ஏறக்கூடியவர் வேறு யாரும் எங்களிடம் இல்லை. கெவின் அந்தத் தொப்பியைக் கையில் எடுத்தார். "நோர்ம் இல்லாட்டி மேல் குரல் இல்லை. மேல் குரல் இல்லாட்டிப் போட்டி இல்லை. இந்த வருஷமும் போகாட்டி நான் மண்டபப் பூட்டின் திறப்பைத் திருப்பிக் குடுத்திடுவன். எனக்கும் வயசு போட்டுது" என்றார். ஒருவரும் கேக்கைத் தொடவில்லை.

மச்சான், பகிடியை விட்டுவிட்டு ஒன்று சொல்கிறேன். ரஞ்சினியின் ஆஸ்பத்திரிச் சிநேகிதர் வீட்டுச் சாப்பாடுகளுக்குப் போனால் அங்கே எல்லாரும் டொக்டர், எஞ்சினியர். நான் தட்டைப் பிடித்துக்கொண்டு குசினி அடுப்படிப் பக்கம் நிற்பேன். பக்டரியில் மெசின் நின்றால்தான் என்னைத் தேடுவார்கள். இந்த மண்டபத்தில் மட்டும்தான் ஒரு கிழமை தடிமனும் தும்மலும் வந்து போகாவிட்டால் கெவின் ரெலிபோன் எடுத்து, "அடி ஆடுது, கெதியா வாரும்" என்பார். அந்தத் திறப்பைத் திருப்பிக் கொடுக்க நான் விடுவேனா? "கெவின், வேலிதானே, அதை என்னட்ட விடுங்கோ" என்றேன். வீட்டில் வந்து சொன்னால் ரஞ்சினி, "ஊரில வேலி, கோட்டில வேலி, கடல் கடந்து வந்து இஞ்சயும் வேலியே? பேசாம இருங்கோ" என்றா. இருந்தேனா?

எங்கள் முறை உங்களுக்குத் தெரியும், எல்லைப் பிரச்சினை வந்தால் இரண்டு பகுதியும் வேலியில் கை வைக்கக் கூடாது, மூன்றாம் ஆள் அடைக்க வேண்டும். அதைக் கெவினுக்கு விளக்கினேன். கெவின் இருவரிடமும் தனித்தனியாகப் போய்க் கேட்டார், இருவரும் உடனே சம்மதம். நான் பக்டரியில் இருந்து உடைந்த பிஸ்கற் கொண்டுபோய்க் கொடுப்பதால் தன்னுடைய ஆள் என்று நோர்முக்கு எண்ணம். இறைச்சி தன்னிடம் வாங்குவதால் தன்னுடைய ஆள் என்று டெட்டுக்கு எண்ணம். போட்டிக்கு முதல்நாள் சனிக்கிழமை கூட்டம் முழுவதும் வந்து இறங்கியது, கோயில் சிரமதானம் மாதிரி. பழைய வேலியைப் பிடுங்கினோம். வீதிப் பக்கத்தில் அளந்து, சண்டைக்குரிய அந்த ஒரு சாணைப் பாதியாகப் பிரித்து, இருவர் முன்னிலையிலும் முதல் கட்டையை நட்டேன். இருவரும் தலையாட்டினார்கள், ஒருவரை ஒருவர் பார்க்காமல்.

கெவின் ஒரு நூற்பந்தைக் கொண்டுவந்து தந்தார், கட்டி இழுத்துப் பிடித்தால் வேலி நேராக வருமாம். நான் சிரித்தேன். நூல் கட்டி வேலி அடைக்கிறவனை எங்கள் ஊரில் யார் மதிப்பான்? உங்கள் வளவுக்கும் ரஞ்சினியின் சீதனக் காணிக்கும் இடையில் உள்ள கிழக்கு வேலியை எத்தனை வருஷம் கண்மட்டத்திலேயே அடைத்தவன் நான்! நூலைப் பொக்கற்றுக்குள் வைக்கச் சொல்லிவிட்டு வேலையைத் தொடங்கினேன்.

டெட் தன் பக்கத்தில் அடுப்பு மூட்டிச் சொசேஜ் சுட்டுக்கொண்டிருந்தார். மணம் அந்தப் பக்கம் இருந்தபடியால் நானும் அந்தப் பக்கத்தில் நின்றே குழி கிண்டினேன். இங்கேதான் வினை. வேலி அடைக்கிற எங்களவன் கைக்கு ஒரு பழக்கம் உண்டு, நிற்கிற பக்கத்துக்கு அது விசுவாசமாக இருக்கும். ஒவ்வொரு குழிக்கும் ஒரு விரல்கடை அங்கால் தள்ளி அரக்கினால் அது களவில் சேராது, கைப்பக்குவம். உங்கள் கிழக்கு வேலியில் என் கை எந்தப் பக்கம் போனது என்று இப்போது கேட்க வேண்டாம். சத்தியமாக நான் நினைத்துச் செய்யவில்லை, கை தன் பாட்டில் செய்தது. மற்றவர்கள் பியர் குடித்தபடி ரோசாப்பூப் பாட்டைப் பழகினார்கள், ஒருவரும் என்னைப் பார்க்கவில்லை. பொழுது சாயத் தொடங்கியபோது கடைசிப் பலகைக்கும் ஆணி அறைந்து, நிமிர்ந்து, வியர்வையைத் துடைத்தேன். கை தட்டினார்கள்.

அப்போதுதான் நோர்மின் பெண்சாதி காய்ந்த உடுப்பு எடுக்க வந்தா. இங்கே எல்லா வீட்டுப் பின்வளவிலும் குடை மாதிரிச் சுற்றுகிற ஒரு கம்பி மரம் நிற்கும், அதில்தான் உடுப்புக் காயப்போடுவார்கள். அதைப் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றினா. டக்கென்று வேலியில் மாட்டி நின்றது. அதன் ஒரு கை வேலிக்கு மேலால் நீட்டிக்கொண்டு டெட்டின் வளவுக்குள் எட்டிப் பார்த்தது. அந்தக் கையில் நோர்மின் நீளக் காற்சட்டை இரண்டு காலும் தொங்க, டெட்டின் அடுப்புப் புகையில் ஆடியது.

பாட்டு நின்றது. நோர்ம் வீதிப் பக்கம் நடந்து போய், முதல் கட்டையின் பின்னால் குந்தி, ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். எழும்பினார்.

"டெட்" என்றார்.

மூன்று வருஷத்துக்குப் பிறகு, மச்சான். டோரிஸ் தட்டை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றுவிட்டா.

"டெட், இஞ்ச வாரும். இதில குந்தி ஒருக்காப் பாரும்."

டெட் போய், பாடுபட்டுக் குந்திப் பார்த்தார். "நோர்ம், இது வேலியே? வாழைப்பழமெல்லோ."

"நீர் வைச்ச வேலி இதைவிட எவ்வளவோ திறம், டெட்."

"இல்லை நோர்ம், நீர் சொன்ன அளவுதான் சரி. அண்டைக்கே நான் ஓம் எண்டிருக்க வேணும்."

"சும்மா இரும். ஒரு சாண் என்ன, இந்த மனுசன் உமக்கு அரைவளவு தந்திருக்கிறான்."

"எனக்கு வேண்டாம். ஆர் இந்தாளைக் கூப்பிட்டது?"

"கெவின்தான்."

இருவரும் தோளோடு தோள் நின்று கெவினைப் பார்த்தார்கள். கெவின் என்னைப் பார்த்தார். நான் சொசேஜைப் பார்த்தேன்.

பிறகு அந்த இரண்டு பேரும் சேர்ந்து, நான் பகல் முழுக்க அடைத்த வேலியைச் சொசேஜ் ஆற முன்னமே பிடுங்கிப்போட்டார்கள். ஒவ்வொரு கட்டை வெளியே வரும்போதும் என்னைப் பற்றி ஒரு வசனம் வரும், எனக்கு விளங்காதது என் புண்ணியம். கடைசிக் கட்டையும் வந்ததும், திருப்பி நடுவோமா என்று டெட் கேட்டார். நோர்ம் எலுமிச்சைக் கன்றைப் பார்த்தார். "நாளைக்குப் பாப்பம்" என்றார். இரண்டு வளவும் ஒரே புல்வெளியாகக் கிடந்தது. கெவின் ஊதுகுழலை எடுத்து ஊதினார். இருக்கிற இடத்தில், கையில் பாண் ரொட்டியும் சொசேஜுமாக, எல்லாரும் பிடித்தோம். நோர்ம் மேலே போனார், டெட் மிச்ச இடத்தில் போய் இருந்தார், நான் அடியில் நின்றேன். கடைசி இழுவையில், மச்சான், எங்கள் தலைக்கு மேலே ஒன்று கேட்டது. யார் பாடுவது என்று நான் நோர்ம் வீட்டுக் கூரையைப் பார்த்தேன். கூரையில் யாரும் இல்லை. கெவினின் கை அந்தரத்திலேயே நின்றது, இறக்க மனம் வரவில்லை அவருக்கு.

அடுத்த நாள் பரமட்டாப் போட்டிக்கு எல்லாருமாக ரயிலில் போனோம், தொப்பியோடு. மேடையில் கெவின் கை தூக்கும்வரை நோர்மும் டெட்டும் கதைத்துக்கொண்டே நின்றார்கள், மூன்று வருஷப் பேச்சு பாக்கி இருக்கிறது அல்லவா. எங்களுக்கு மூன்றாம் இடம். வந்தது மூன்று கூட்டம். எல்லாரும் வாய் மூடிய பிறகும் அடிக்குரலில் ஒருவர் நிறுத்தாமல் போய்க்கொண்டிருந்ததாக நடுவர் சொன்னாராம். அது நான்தான். எங்கள் கோயிலில் மணி அடிக்கும்வரை சுருதியை விடக் கூடாது, இங்கே மணி அடிக்க ஆள் வைக்கவில்லை. கெவின் மண்டபத் திறப்பைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் போட்டிருக்கிறார், அடுத்த வருஷப் போட்டிக்குப் புதுப் பாட்டும் எடுத்துவிட்டார்.

ஆகையால் மச்சான், சின்னவன் சொல்கிறேன் என்று நினைக்காமல் கேளுங்கள். வேலி என்ன வேலி? போகும்போது வேலிக் கதியாலையா கொண்டுபோகப் போகிறோம்? இரத்தினசிங்கத்தாரோடு உள்ள வழக்கை விட்டுவிட்டு, ஒருநாள் அவரைக் கூப்பிட்டு ஒடியல் கூழ் காய்ச்சிக் கொடுங்கள். மனுசனுக்கு மனுசன்தான் வேண்டும், ஒரு சாண் மண் இல்லை என்று நான் இங்கே கண்ணாலே கண்டுவிட்டேன். தங்கச்சி யோகராணிக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் அன்பு. ஐயருக்கு வணக்கம் சொல்லி, அவர் தந்த உத்தியோகத்தில் பதவி உயர்வு கிடைத்ததாகவும் சொல்லுங்கள். உங்கள் வீட்டு அடுப்பும் கிணறும் குறைவில்லாமல் இருக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மச்சான்,
மகேந்திரராஜா

பின்குறிப்பு: உறையை ஒட்ட முதல் ரஞ்சினி கடிதத்தை வாங்கிப் படித்தா. முருங்கை என்ற இடத்தில் நின்றுவிட்டா. பிறகு என்னைக் கூப்பிட்டா. மச்சான், உங்கள் வளவில் முருங்கை இல்லை. அந்தப் பக்கத்தில் இருந்தது ஒரே ஒரு முருங்கை, அது எங்கள் சீதனக் காணியில், கிழக்கு வேலியிலிருந்து இரண்டு பாகம், பன்னிரண்டு அடி, உள்ளே நான் என் கையால் நட்டது. மரம் நடக்காது. அப்படியென்றால் வேலிதான் நடந்திருக்கிறது. மேலே எழுதிய புத்திமதி எல்லாம் மேற்கு வேலிக்கு மட்டும். கிழக்குக் கதியால்களை அடுத்த மழைக்கு முதல் பழைய குழிகளில் வைத்துவிடுங்கள், நூல் கட்டி வையுங்கள், இல்லாவிட்டால் பிரக்கிராசியார் சச்சிதானந்தனின் வழக்குக் கடிதம் இதற்குப் பின்னாலேயே வரும் என்று ரஞ்சினி எழுதச் சொல்கிறா. நானும் அதையே சொல்கிறேன்.

மற்றது, நோர்ம் வீட்டில் பிடுங்கிய பலகைகளை என்னிடமே தந்துவிட்டார்கள். வீணாக்கக் கூடாதென்று நேற்று எங்களுக்கும் பக்கத்து வீட்டு இத்தாலிக்காரருக்கும் இடையில் ஒரு வேலி அடைத்தேன். கண்மட்டம்தான். இன்று காலை அவருடைய கராஜ் கதவு ஒரு சாண்தான் திறந்தது. கார் உள்ளே நிற்கிறது. அவர் பஸ்ஸில் தேவாலயத்துக்குப் போனார். போக முதல் வேலிக்கு மேலால் என்னைப் பார்த்துக் கொஞ்சநேரம் கத்தினார். நல்ல மேல் குரல். செவ்வாய்க்கிழமை மண்டபத்துக்கு வரச் சொல்லியிருக்கிறேன்.